குளிசைப் பெட்டியா, கிளினிக் உறையா?

குளிசைகளை நாளும் வேளையுமாக அறை பிரித்த பெட்டியில் போட்டு வைப்பதா, கிளினிக்கில் தரும் உறையிலேயே விடுவதா? கொழும்பில் மாதாமாதம் கிளினிக் போகும் பெரியவர்கள் உள்ள வீடுகளில் எழும் கேள்வி இது.

செலவு: ஏழு நாள் பெட்டிக்குக் கொஞ்சம் காசு போகும். உறைக்கு எதுவுமில்லை.

மறதி: பெட்டியில் செவ்வாய் காலைக்கான அறை காலியென்றால் குளிசை போட்டாயிற்று, இரண்டாம் தரம் போடும் ஆபத்து குறைவு. உறையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

அடையாளம்: இதில் உறைதான் மேல். மருந்தின் பெயரும் அளவும் அதில் எழுதியிருக்கும். பெட்டிக்குள் நீரிழிவுக்கான மெட்ஃபோர்மினும் இன்னொரு வெள்ளைக் குளிசையும் ஒன்றுபோலக் கிடக்கும். நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் டொக்டருக்கு எதைக் காட்டுவது?

பாதுகாப்பு: நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜி.டி.என். குளிசை அதன் போத்தலிலேயே இருக்கட்டும். வெளியே எடுத்து வைத்தால் வீரியம் குறையும். மூட்டுவாதத்துக்கான மெதொட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு தரம்தான். தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் அதைத் தனியாக வையுங்கள்.

ஒன்றிரண்டு குளிசை, கண்பார்வையும் சரி என்றால் உறை போதும். நாலைந்து மருந்து, மூன்று வேளை என்றால் பெட்டி வாங்குங்கள். எப்போதும் ஒரே ஆள் நிரப்பட்டும், உறைகளையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள்.