கோல்ஃப் ஸ்விங்: கோச்சிடம் போவதா, போனில் எடுத்துப் பார்ப்பதா?

கோல்ஃப் ஆடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், ஸ்விங்கை (பந்தை அடிக்க மட்டையை வீசும் விதத்தை) எப்படித் திருத்திக்கொள்வது என்ற பேச்சு வந்துவிடும். கையிலேயே ஸ்லோ மோஷன் கேமரா இருக்கும்போது கோச்சுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பார் ஒருவர். ஆயிரம் வீடியோ எடுத்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று சொல்வது மாதிரி வருமா என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே வேலைக்கான போட்டிச் சரக்குகள் என்று நினைத்துக்கொண்டு பேசுவதால்தான் வாக்குவாதம் முடிவதே இல்லை. தப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. திருத்தச் சொன்னதை நாம் நிஜமாகவே செய்கிறோமா என்று பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலையில் நல்ல கோச்சை அடிக்க ஆளில்லை, இரண்டாவதில் போனை அடிக்க ஆளில்லை. ஆன்லைன் கோச்சிங்கும், பந்தும் மட்டையும் போகிற விதத்தை அளக்கிற ரேடார் கருவியும் நடுவில் வருகின்றன, அவற்றையும் பார்ப்போம்.

முதலில் ஸ்லைஸை எடுத்துக்கொள்வோம், அதில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கமாகவோ நேராகவோ கிளம்பி, போகப் போக வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகிறதே, அதுதான். (இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.) பந்தில் படும்போது கிளப்பின் (மட்டையின்) முகம், அதாவது பந்தைத் தொடும் பரப்பு, எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கமே கிளம்பும். முகம் பார்க்கும் திசைக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை வளைக்கிறது. ரொம்பக் காலம் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள், பாதைதான் பந்து கிளம்பும் திசையைத் தீர்மானிக்கிறது என்று. ரேடார் கருவிகள் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பாடம் மாறியது.

ஸ்லைஸ் அடிக்கிறவர் பின்னாலிருந்து, அதாவது இலக்குக்கு நேர் எதிர்ப்பக்கமிருந்து, வீடியோ எடுத்துப் பார்க்கிறார். டவுன்ஸ்விங் (கிளப் கீழே இறங்கும் வீச்சு) ஆரம்பிக்கும்போது தோள் முன்னால் பாய்ந்து, கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருவது நன்றாகத் தெரிகிறது. சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று உட்புறமிருந்து வெளியே வீசப் பழகுகிறார். பந்து இப்போது வலப்பக்கமே கிளம்பி, இன்னும் வலப்பக்கம் போய்த் தொலைகிறது. காரணம் இதுதான்: இடக்கையின் பிடி இலக்குப் பக்கமாகத் திரும்பிப்போய் பலவீனமாக இருந்தது, அதனால் கிளப்பின் முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, வந்தது, பந்து வலப்பக்கம் போனது, அதைச் சமாளிக்க உடம்பு தானாகவே இடப்பக்கம் வீசக் கற்றுக்கொண்டது. வீடியோவில் தெரிந்தது அந்தச் சமாளிப்பு. மூலகாரணம் பிடியில் இருக்கிறது, அது பின்னாலிருந்து எடுத்த படத்தில் சரியாகத் தெரியவே தெரியாது. உருப்படியான கோச் நீங்கள் பந்தை அடிப்பதற்கு முன்பே உங்கள் கையைப் பார்த்துவிடுவார். விரல்களைப் பிடித்து, இடக்கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று விரல் முட்டிகள் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு "இப்போ அடிங்க" என்பார். பாதையைப் பற்றி ஒரு வார்த்தைகூட அன்றைக்குப் பேசாமல் போகலாம்.

வீடியோ கிளப்பின் முகத்தைக் காட்டாதா என்றால், காட்டாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். போனில் ஸ்லோ மோஷன் பொதுவாக நொடிக்கு 240 ஃபிரேம். கிளப் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் சுமார் 18 சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது. பந்தும் கிளப்பும் ஒட்டியிருப்பதோ ஏறத்தாழ அரை மில்லி நொடி. அந்தக் கணம் உங்கள் ஃபிரேமில் மாட்டினால் அதிர்ஷ்டம், மாட்டினாலும் முகம் இரண்டு டிகிரி திறந்திருக்கிறதா மூன்று டிகிரியா என்று கண்ணால் சொல்ல முடியாது. சாதாரண 30 ஃபிரேம் வீடியோ என்றால் இன்னும் மோசம், கால் நொடி டவுன்ஸ்விங்குக்கு ஏழெட்டுப் படங்கள்தான் கிடைக்கும்.

போன் பொய்யும் சொல்லும். உருளும் ஷட்டரால் (படத்தை வரி வரியாகப் பதிவதால்) கிளப்பின் தண்டு வில்லாக வளைந்து தெரியும், அதைப் பார்த்துவிட்டு நம் தண்டு ரொம்ப மிருதுவோ என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. செல்ஃபி கேமரா சில போன்களில் கண்ணாடி மாதிரி இடம் வலத்தை மாற்றிவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கேமரா நிற்கும் இடம். பின்னாலிருந்து எடுக்கும்போது உங்கள் கைகளுக்கு நேர் பின்னால், கையின் உயரத்தில், இலக்குக் கோட்டுக்கு இணையாக லென்ஸ் பார்க்க வேண்டும். ஓரடி தள்ளி வைத்தால் ஒழுங்கான ஸ்விங்கும் வெட்டுகிற மாதிரி தெரியும், வெட்டுகிற ஸ்விங் யோக்கியமாகத் தெரியும். பையில் சாய்த்துத் தரையில் வைத்து அண்ணாந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு கோடு போடுவது வீண்வேலை. ஒரு டிரைபாட், இலக்கின் திசையைக் காட்டத் தரையில் ஒரு குச்சி, ஒவ்வொரு முறையும் அதே தூரம், நல்ல வெளிச்சம். இதைச் செய்யச் சோம்பேறித்தனமாக இருந்தால் வீடியோவை விட்டுவிடுவதே மேல். ஸ்விங்கைப் பற்றித் தப்பாகத் தெரிந்துகொள்வதற்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

இவ்வளவு திட்டிவிட்டு, போன் எங்கே ஜெயிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நமக்கு உள்ளே தோன்றுவதும் வெளியே நடப்பதும் ஒன்றே அல்ல என்பதை ஆதாரத்தோடு காட்டுகிற ஒரே பொருள் அதுதான். பேக்ஸ்விங்கை (கிளப்பைப் பின்னால் தூக்குவதை) குறைக்கச் சொல்லியிருப்பார்கள். இடுப்பு உயரத்திலேயே நிறுத்தின மாதிரி இருக்கும், ரொம்பவே சின்னதாகிவிட்டதோ என்று கூச்சமாகக்கூட இருக்கும். வீடியோவில் பார்த்தால் கை பழையபடி தலைக்கு மேலே போய் நிற்கும். கோச் பத்து தடவை "இன்னும் குறைங்க" என்று சொன்னால் நம்பாத மனது, இந்த ஒரு படத்தைப் பார்த்ததும் நம்பிவிடும். "தலையைத் தூக்கிட்டீங்க" என்கிற இலவச ஆலோசனையையும் போன்தான் அடக்குகிறது. பந்தின் உச்சியில் அடித்துவிட்டால் கூட ஆடுகிற அத்தனை பேரும் இதையே சொல்வார்கள். படத்தில் பார்த்தால் பல சமயம் தலை கடைசிவரை அங்கேயே இருக்கும், இடுப்பு பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போய் முதுகு நிமிர்ந்திருக்கும், அல்லது இடமுழங்கை மடங்கிப் போயிருக்கும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 2002-ல் வந்த ஒரு ஆய்வில் 30 கோல்ஃப் ஆட்டக்காரர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: தாமாகவே பழகுகிறவர்கள், கோச் வாயால் சொல்லிக்கொடுத்தவர்கள், கோச் வீடியோவும் சேர்த்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தவர்கள். ஒவ்வொன்றும் 90 நிமிடம், மொத்தம் நாலு வகுப்பு. முடிந்தவுடனே 7-அயர்ன் என்கிற நடுத்தரக் கிளப்பால் 15 பந்து அடிக்கச் சொன்னபோது, கோச்சிடம் படித்த இரண்டு அணியும் தாமாகப் பழகினவர்களைவிட மோசமாக அடித்தன. இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதித்தால் நிலைமை தலைகீழ்: கோச்சிடம் படித்தவர்கள் முன்னால், அதிலும் வீடியோ அணி முதலிடம். இதைக் காட்டி "வீடியோதான் பெஸ்ட்" என்று சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள், அந்த வீடியோவுக்குப் பக்கத்தில் ஒரு கோச் உட்கார்ந்திருந்தார். தனியாக உட்கார்ந்து பார்க்கிற வீடியோவுக்கு இந்த ஆய்வு நற்சான்று தரவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முதல் சோதனை. வகுப்புக்குப் போன வாரக் கடைசியிலேயே ஸ்கோர் கெட்டுவிட்டது என்று கோச்சை மாற்றுகிறவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1999-ல் கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் சகாக்களும் புதிதாகப் பழகுகிறவர்களைக் குட்டையான பிட்ச் ஷாட் அடிக்க வைத்துப் பார்த்தார்கள். கை எப்படி ஆடுகிறது என்று கவனித்தவர்களைவிட, கிளப் எப்படி ஆடுகிறது என்று கவனித்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். வீடியோவைத் தனியாக அலசுகிறவர் எதைப் பார்க்கிறார்? முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு, தோள். அடுத்த பந்துக்கு முன்னால் நாலு உறுப்பும் மண்டைக்குள் ஓடுகிறது. கைதேர்ந்த கோச் அதையே வெளியே மாற்றிக் கொடுப்பார்: பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு கிளப் உறையை வைத்து இதில் படாமல் அடி என்பார், பந்துக்கு முன்னால் இருக்கிற புல்லைச் சீவு என்பார். உடம்பு தானே வழி கண்டுபிடிக்கும்.

தொழில்முறை ஆட்டக்காரரின் வீடியோவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. அந்தப் படம் எந்தக் கோணத்தில் எடுத்தது, லென்ஸ் எது என்று தெரியாமல் கோடு போட்டு என்ன லாபம்? அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் பேக்ஸ்விங் மேலே போய் ஒரு வளையம் போட்டுக்கொண்டு இறங்கும். உச்சியில் நிறுத்திப் பார்த்தால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத நிலை. மனிதர் 2003 யுஎஸ் ஓப்பனை ஜெயித்தார், 2016-ல் அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் ஒரு சுற்றை 58 அடியிலேயே முடித்தார். பந்தில் படும் நேரத்தில் அவருடைய கிளப் வர வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கோச்சுகளையும் ஒரேயடியாகத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். வருகிற எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கிறவர் இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் ஏழு குறிப்பு கொடுத்து அனுப்புகிறவர் இருக்கிறார். முதல் நாளே "எல்லாத்தையும் கலைச்சுட்டு முதல்லேருந்து கட்டணும்" என்று சொல்கிறவரிடம் உஷாராக இருங்கள். இங்கிலாந்து ஆட்டக்காரர் நிக் ஃபால்டோ 1980-களின் நடுவில் கோச் டேவிட் லெட்பெட்டரிடம் போய் அப்படித்தான் ஸ்விங்கைக் கலைத்துக் கட்டினார், 1987-ல் பிரிட்டிஷ் ஓப்பனும் ஜெயித்தார், உண்மைதான். ஆனால் அதுவே அவருக்குத் தொழில், நாளெல்லாம் அடித்துப் பழக நேரம் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை ரேஞ்சுக்கு (பயிற்சித் திடலுக்கு) போகிறவருக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது. முதுகுவலி உண்டா, எந்த ஷாட் தொந்தரவு, வாரத்துக்கு எவ்வளவு நேரம் பழகுவீர்கள் என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் பந்து போகிற போக்கைப் பார்த்து, ஒரே ஒரு மாற்றம் சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆன்லைன் கோச்சிங் நான் எதிர்பார்ப்பதைவிடப் பலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. வீடியோ அனுப்பினால் கோச் அதன்மேல் வரைந்து, குரலில் விளக்கி, இரண்டு பயிற்சி சொல்லித் திருப்பி அனுப்புவார். செலவு பொதுவாகக் குறைவு, விளக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். பலவீனம் நம் பக்கம்தான்: எல்லாரும் தங்கள் அழகான ஸ்விங்கைத்தான் அனுப்புகிறார்கள். டாக்டரிடம் காய்ச்சல் இறங்கின பிறகு போகிற மாதிரி. அனுப்புவதானால் தொடர்ச்சியாக அடித்த மூன்றை அப்படியே அனுப்புங்கள், பந்து எங்கே போனது என்று எழுதுங்கள், பிடியைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம், டிவோட்டின் (கிளப் புல்லைப் பெயர்த்த தடத்தின்) படம். இவ்வளவும் போனால் கோச் ஊகிக்க வேண்டியது பாதியாகக் குறையும். பிடியைத் தொட்டுத் திருத்த மட்டும் அவரால் முடியாது, ஆகவே கிளப்பையே இப்போதுதான் முதலில் தொடுகிறவருக்கு இது வேண்டாம்.

டிராக்மேன் மாதிரி ரேடார் கருவிகளும் ஜிசி குவாட் மாதிரி கேமராக் கருவிகளும் வீடியோவுக்குத் தெரியாததைச் சொல்கின்றன: முகக் கோணம், பாதை, கிளப் எவ்வளவு சரிவாக இறங்குகிறது. ஏன் அப்படி வருகிறது என்பதை அவையும் சொல்லாது. விலை குறைந்த கருவிகளில் சில எண்கள் அளந்தவை அல்ல, கணக்கிட்டுச் சொல்பவை, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் ஒரு சில்லறைச் செலவு: டிரைவர் என்கிற நீளக் கிளப்பின் முகத்தில் பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டுப் பத்து பந்து அடியுங்கள். தடம் குதிகால் பக்கம், அதாவது தண்டை ஒட்டின பக்கம், குவிந்திருந்தால், பாதையும் முகமும் ஒழுங்காக இருந்தும் பந்து வலப்பக்கம் வளையும். நுனிப் பக்கம் பட்டால் இடப்பக்கம். இது தெரியாமல் பாதையை மாற்றிக்கொண்டிருந்தால் வீண்வேலைதான். ஏஐ செயலிகளைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரே கேமராவை வைத்து உடம்பின் திருப்பத்தை ஊகிக்கின்றன, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் பார்க்கலாம், டிகிரி எண்ணை நம்பிச் சண்டை போட வேண்டாம்.

எனக்கு ஒரு தொகையைக் கொடுத்து எப்படிச் செலவழிப்பாய் என்று கேட்டால், புது ஆளுக்கு முழுத் தொகையும் நேரடி வகுப்புக்குத்தான், பிடியும் நிற்கிற நிலையும் படியும்வரை வீடியோவே வேண்டாம். பல வருடம் ஆடி ஒரே இடத்தில் தேங்கிப் போனவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு வகுப்பு, நடுவில் போன். போனிலும் ஒரு கேள்வி மட்டும்: இந்த மாதம் கோச் மாற்றச் சொன்ன அந்த ஒன்று மாறியிருக்கிறதா? வேறு எது கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்காரர்களுக்கு, அதாவது நன்றாக ஆடுகிறவர்களுக்கு, ரேடார் எண்கள் உண்மையிலேயே உதவும். பக்கத்தில் ஒழுங்கான கோச் இல்லாதவர்களுக்கு ஆன்லைன், பவுடர் ஸ்ப்ரே, டிரைபாட் மூன்றும் சேர்ந்தால் பெருமளவு சமாளிக்கலாம்.

முதல் வகுப்புக்குப் போகும்போது ரேஞ்சில் எடுத்த வீடியோவைக் கொண்டுபோகாதீர்கள், மைதானத்தில், ஸ்கோர் கார்டு பையில் இருக்கும்போது, கூட ஆடுகிறவரைவிட்டு எடுக்கச் சொன்னதைக் கொண்டுபோங்கள். ரேஞ்சில் எல்லாருடைய ஸ்விங்கும் கொஞ்சம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். அப்புறம், வகுப்பு முடியும் தறுவாயில் கோச் சொன்னதை உங்கள் வாயாலேயே அவரிடம் திருப்பிச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.