கோர்வேரா, ஃபால்கனா?

அமெரிக்காவில் ஜெர்மன் காரான ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் உள்நாட்டு ராம்ப்ளரும் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்த நேரம். 1959 இலையுதிர் காலத்தில் கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களும் சிறிய கார்களுடன் களமிறங்கின. கிரைஸ்லரின் வேலியண்ட் நல்ல கார்தான். ஆனால் இன்றுவரை வாதம் ஓயாதது மற்ற இரண்டைப் பற்றித்தான்: ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரோலே கோர்வேர், ஃபோர்டு ஃபால்கன்.

ஃபால்கனில் புதுமை என்று எதுவும் கிடையாது. முன்பக்கம் ஆறு சிலிண்டர் இன்ஜின், ரேடியேட்டர், பின்பக்கம் பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்). எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்துப் பழகிய அமைப்பு. முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கும் அதிகமாக விற்றது. கோர்வேர் இரண்டரை லட்சத்தோடு நின்றது.

ஆனாலும் மனத்தைப் பறிப்பது கோர்வேர்தான். அலுமினிய இன்ஜின் பின்னால் இருக்கிறது, காற்றாலேயே குளிர்கிறது. தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. உள்ளே தரை ஏறக்குறைய சமமாக இருப்பதால் கால் நீட்ட இடமுண்டு. பின்மூடியைத் திறந்தால் இன்ஜினின் தலைமேல் மின்விசிறி படுத்த வாக்கில் சுழலும். அதைச் சுழற்றும் பெல்ட் செங்குத்தாக மேலேறி, இரண்டு கப்பிகளில் திரும்பிப் படுக்கைவாட்டுக்கு வரும். அழகான ஏற்பாடு, ஆனால் பெல்ட் அறுந்தால் வண்டியை உடனே ஓரம்கட்டியாக வேண்டும்.

பெரிய குறை பின்சக்கரங்களில் இருந்தது. 1960 முதல் 1963 வரையிலான கார்களில், வேகமாக வளைவில் திரும்பினால் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கக்கூடும். முன்பக்கம், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஒரு நிலைப்படுத்தும் கம்பி பொருத்தியிருந்தால் பெருமளவு சமாளித்திருக்கலாம். செலவைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தவிர்த்தது. பதிலுக்கு, முன்டயரில் 15 பவுண்டு, பின்டயரில் 26 பவுண்டு காற்று வைக்கச் சொன்னது. நான்கு டயரிலும் ஒரே அளவு அடித்துப் பழகியவர்களிடம் இதை எதிர்பார்க்கலாமா? காற்றடிப்பவரின் கையில் காரின் பாதுகாப்பை விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

1964இல் அந்தக் கம்பி வந்தது. 1965இல் பின்சக்கர அமைப்பே முழுதாக மாறியது. அந்த ஆண்டு நவம்பரில்தான் நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ப் நாடர், கார்களின் பாதுகாப்பின்மையைச் சாடி எழுதிய புத்தகம் வெளியானது; அதன் முதல் அத்தியாயமே கோர்வேர். பழைய காரின் மீதான பழி, திருந்திய காரையும் சேர்த்துச் சாய்த்தது. 1972இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பு, ஆரம்ப கால கோர்வேர் அதன் சமகாலக் கார்களைவிட அதிகமாகக் கட்டுப்பாடு இழக்கக்கூடியதல்ல என்று அறிக்கை தந்தது. அதை முழு விடுதலையாகச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. செய்திருக்கக்கூடிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டது அப்படியேதான் நிற்கிறது.

கோர்வேரின் விற்பனையை அரித்ததில் ஃபால்கனின் வாரிசான மஸ்டாங்குக்கும் பங்குண்டு. கோர்வேரின் மிடுக்கான வகையான மான்சா, இளைஞர்கள் மிடுக்கான சிறிய காருக்குக் காத்திருப்பதைக் காட்டியது. ஃபோர்டு அதைக் கவனித்து, ஃபால்கனின் பாகங்களைக் கொண்டே 1964 ஏப்ரலில் மஸ்டாங்கை இறக்கியது. கோர்வேர் 1969 மே மாதம் நின்றது. ஃபால்கன் அமெரிக்காவில் 1970 வரையும், ஆஸ்திரேலியாவில் அதே பெயரில் 2016 வரையும் வந்தது.

1960இல் குழந்தைகளோடு ஒரு குடும்பம் கேட்டிருந்தால் தயங்காமல் ஃபால்கனைச் சொல்லியிருப்பேன். 1965 என்றால் பதில் வேறு: கோர்வேர், இரண்டு கதவு மாடல்.