பெரியம்மாவின் அடைப்பெட்டியும் இரண்டு ஐ2சி லைன்களும்: மூன்று வருஷம் பாவித்த பிறகு

"மனே, பெட்டிக்க கை வைக்கேலாம சுடுது. திரையில முப்பத்தேழரை எண்டுதான் நிக்குது."

போனில் பெரியம்மா. முட்டையில் குஞ்சு பொரிக்க நான் செய்துகொடுத்த அடைப்பெட்டியைத்தான் சொன்னா. கல்லடியிலிருந்து ஆரையம்பதிக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு தாண்டிவிட்டது. திரையில் மணி 5:42-இல் நின்றிருந்தது. பல்பைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே ஒட்டியபடி, இரண்டு 60 வாட் பல்பும் எரிந்துகொண்டிருந்தன. பன்னிரண்டாம் நாள் முட்டைகள், 48. எல்லாம் வெந்துபோய்விட்டன. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

பெட்டிக்குள் இருப்பது ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை. மேல்தட்டுக்கு ஒன்று, கீழ்த்தட்டுக்கு ஒன்று என்று இரண்டு எச்டியு21டி வெப்ப, ஈரப்பத சென்சர். அந்தச் சென்சருக்கு முகவரி ஹெக்ஸ் 40 மட்டும்தான், மாற்ற வழியில்லை. ஆகவே இரண்டையும் ஒரே லைனில் போட முடியாது. நானோவின் ஏடிமெகா328பி சிப்பிலோ ஹார்ட்வெயர் ஐ2சி (சிப்பும் சென்சரும் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் லைன்) ஒன்றே ஒன்று. ஆகவே மேல்தட்டுச் சென்சர், மணிக்கூட்டு மொடியுல், ஓலெட் திரை மூன்றையும் ஏ4, ஏ5 பின்களில் ஹார்ட்வெயர் லைனில் போட்டேன். கீழ்த்தட்டுச் சென்சரை 6, 7-ஆம் பின்களில், சொஃப்ட்வெயர் ஐ2சி-இல் போட்டேன். அதாவது கடிகாரத் துடிப்பைச் சிப்பின் தனிச் சுற்று கொடுக்காது. புரோகிராமே பின்னை ஏற்றி இறக்கிக் கொடுக்கும்.

வில்லங்கம் வந்தால் சொஃப்ட்வெயர் பக்கம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். முதல் நாளே வரவும் செய்தது. கீழ்த்தட்டில் 128 டிகிரி! பச்சை முட்டையைத் தொட்டால் குளிர்கிறது. எச்டியு21டி-யிடம் இ3 கட்டளையில் வெப்பம் கேட்டால், அளந்து முடியும்வரை, 50 மில்லி செக்கன் வரை, கடிகாரத் துடிப்பு போகும் எஸ்சிஎல் வயரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 'பொறு' என்று அர்த்தம். ஹார்ட்வெயர் பொறுக்கும். நான் இறக்கிய சொஃப்ட்வெயர் லைப்ரரி அந்த வயரைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வெறும் ஒன்றுகளாக வாசித்துக்கொண்டு போகும். எல்லா பிட்டும் ஒன்றானால் கணக்கில் வருவது அந்த 128-தான். பிடித்துவைக்காத எஃப்3 கட்டளைக்கு மாற்றி, 50 மில்லி செக்கன் கழித்து வாசிக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. பிழை கண்டுபிடிக்கச் சென்சர் அனுப்பும் சிஆர்சி பைட்டையும் அன்றிலிருந்து சரிபார்க்கிறேன்.

முட்டையை வேகவைத்தது ஹார்ட்வெயர் லைன். எனக்கு இதை ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை பிடித்தது. வயரில் ஒரு கரண்ட் குத்து விழுந்தால் சிப்பின் சுற்றுக்கு 'இன்னொரு ஆள் பேசத் தொடங்கிவிட்டான்' என்று தோன்றலாம். அதோடு அது வாயை மூடிவிடும். ஹார்ட்வெயர் ஐ2சி-ஐ ஓட்டும் 'வயர்' என்ற ஆர்டுயினோ லைப்ரரியோ அது முடிக்கும் என்று, ஒரே இடத்தில் சுற்றும் வைல் லூப்பில் காத்திருக்கும். எவ்வளவு நேரம்? கணக்கில்லை. அதுவரை ரிலேயும் இருந்தபடியே கிடக்கும். சொஃப்ட்வெயர் பக்கத்தில் அதே குத்து விழுந்தால் பதில் வராது, 'வாசிக்க முடியவில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மோட்டுத்தனமும் சில நேரம் உதவும் குணம்தான்.

கோபத்தில் எல்லாவற்றையும் சொஃப்ட்வெயருக்கு மாற்றி ஒரு மாசம் ஓட்டினேன். நின்றுபோகவில்லை, உண்மை. ஆனால் ஓலெட் திரைக்கு ஒரு முழுப்படம் 1024 பைட். ஹார்ட்வெயரில் 400 கிலோ ஹேர்ட்ஸில் ஒரு 25 மில்லி செக்கனில் போய்விடுவது, என் சொஃப்ட்வெயர் லைனில் 100 கிலோ ஹேர்ட்ஸைக்கூடத் தொடாததால் திரை வரி வரியாக இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. பொத்தானை இரண்டு தரம் அமத்தினால்தான் ஒரு தரம் பிடிக்கும். பெரியம்மா, "இதுக்கும் வயசு போட்டுது போல" என்றா.

பழையபடி ஹார்ட்வெயருக்கே திரும்பினேன், ஆனால் மூன்று காவலோடு. 'வயர்' லைப்ரரிக்கு 2020-இல் வந்த டைம்அவுட்டை, அதாவது காத்திருக்கும் நேரத்துக்கான எல்லையைப் போட்டேன். நாமாகச் சொன்னால்தான் அது வேலை செய்யும், தானாக இயங்காது. அடுத்தது வாட்ச்டோக், புரோகிராம் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். இதில் ஒரு பொறி: பழைய பூட்லோடர் (சிப் எழும்பும்போது முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) உள்ள நானோவில் வாட்ச்டோக் ஒரு தரம் அடித்தால் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே கிடக்கும். ஒப்டிபூட் என்ற வேறு பூட்லோடர் ஏற்றிய பிறகே சரிவந்தது. சிப் ரீசெட் ஆனாலும் சென்சர் ரீசெட் ஆகாது, பாதிப் பைட்டில், தரவு போகும் எஸ்டிஏ வயரைப் பிடித்தபடி நிற்கும். ஆகவே தொடங்கும்போது எஸ்சிஎல் பின்னைக் கையால் ஒன்பது தரம் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் ஹார்ட்வெயரை எழுப்புகிறேன். ஹார்ட்வெயரின் சிக்கலை அவிழ்ப்பதும் சொஃப்ட்வெயர் கைதான்! இதெல்லாம் போக, பல்புக்குப் போகும் லைனில் 40 டிகிரியில் வெட்டும் சின்ன வெப்ப சுவிட்சும் உண்டு. அதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

கடைசியில் திரையின் மூலையில் இரண்டு எண் போட்டேன்: 'ஹா', 'சொ'. அந்தந்த லைன் எத்தனை தரம் தடுமாறியது என்ற கணக்கு. பெரியம்மாவுக்கு அது என்னவென்று விளங்காது, ஆனால் தினமும் வெப்பத்தோடு அதையும் போனில் வாசிப்பா. மூன்றாம் நாள் சொன்னா: "மனே, நான் விடிய தண்ணி மோட்டர் போடக்குள்ளதான் அந்த ரெண்டும் கூடுது."

விடிய ஐந்தரைக்குப் பிறகு மோட்டர் போடுவது அவவின் வழக்கம். பெட்டியும் மோட்டரும் ஒரே பிளக் லைன். போய்ப் பார்த்தால், மேல்தட்டுச் சென்சரின் ஒரு மீட்டர் வயரை பல்பு வயரோடு சேர்த்து நானே கட்டிவைத்திருக்கிறேன். பிரித்து, கட்டையாக்கி, வயரை மேல்நிலைக்கு இழுத்துவைக்கும் புல்அப் ரெசிஸ்டரை 4.7 கிலோ ஓமுக்கு மாற்றினேன். மோட்டருக்கு வேறு லைன் இழுத்தோம். இந்த முறை 21-ஆம் நாள் முடிய 'ஹா' 2, 'சொ' 5. குஞ்சு 39.