சொக்சோவின் ரிட்டர்ன் டு வொர்க் திட்டம்: ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரின் அனுபவம்

சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் தாதிகளின் ஷிப்ட், சம்பளம், லீவு எல்லாம் என் பொறுப்பு. எச்.ஆர். என்று தனியாக யாரும் கிடையாது, ஆள் வராத நாளில் கவுண்டரிலும் நான்தான் உட்காருவேன். எங்கள் சீனியர் தாதி ஒருவருக்கு இடுப்பில் டிஸ்க் நழுவி நீண்ட எம்.சி.யில் (டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவ விடுப்பு) போனார். அப்போதுதான் சொக்சோவின் (மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், இப்போது பெர்கேசோ என்கிறார்கள், எங்கள் ஊரில் இன்னும் சொக்சோதான்) ரிட்டர்ன் டு வொர்க் திட்டத்தை, அதாவது அடிபட்ட ஊழியரைத் தேற்றித் திரும்ப வேலைக்குக் கொண்டுவரும் திட்டத்தை, கிட்டத்தில் இருந்து பார்த்தேன். 2007இல் இருந்து நடக்கிற திட்டம். ஆனால் எங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், கிளினிக், நர்சிங் ஹோம் நடத்துகிற பாதிப் பேருக்கு சொக்சோ என்றால் மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற காசு, செத்தால் குடும்பத்துக்கு வரும் பென்ஷன், அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மார்க் 5க்கு 4. குறைத்த ஒன்று ஏன் என்று பின்னால் வரும்.

டயாலிசிஸ் தாதி என்றால் ஊசி குத்திவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் காலை 6 மணிக்கு வந்து நிற்கட்டும். ஒரு நோயாளிக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 3 தடவை. திங்கள் புதன் வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய் வியாழன் சனி இன்னொரு கூட்டம். முதல் ஷிப்ட் இறங்குவதற்குள் இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருப்பார்கள். மெஷினுக்கு ஊற்றும் கான்சன்ட்ரேட் கரைசல் கேன்களைத் தூக்க வேண்டும், குனிந்தபடியே ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த இரத்தக் குழாய்) ஊசி போட வேண்டும், அப்புறம் ஆளையே தூக்கி நாற்காலி மாற்ற வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள், சர்க்கரையில் ஒரு கால் போனவர்கள். முடிந்து எழுந்து நிற்கும்போது பிரஷர் சட்டென்று இறங்கும், ஆள் அப்படியே சாய்வார். பக்கத்தில் நிற்கிற தாதி யோசிக்கவா செய்வார், பிடித்துவிடுவார். எங்கள் தாதிக்கும் அப்படித்தான். கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் நாற்காலிகளில் படுத்திருக்கும் சிலருக்கு டயாலிசிஸ் செலவைக் கட்டுவதே சொக்சோதான். அந்தப் பக்கத்துப் பேப்பர் வேலை எனக்குத் தலைகீழ்ப் பாடம். அடிபட்ட ஊழியர் பக்கத்துப் பேப்பர்தான் புதுசு.

முதலில் பணம், ஏனென்றால் படுத்திருக்கிறவருக்கு முதல் கவலை அதுதான். வேலை இடத்தில் விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும், பாரம் 34 என்ற படிவத்தில். எம்.சி. 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால் தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை உண்டு, எச்.யு.எஸ். என்பார்கள், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு, நாளுக்கு 30 வெள்ளிக்கு (ரிங்கிட்) கீழே போகாது. மாதம் 3,000 வெள்ளி வாங்குகிறவருக்குக் கிட்டத்தட்ட 78 வெள்ளி வரும். ஓவர்டைமும் ஷிப்ட் அலவன்ஸும் இந்தக் கணக்கில் சேரும் (சேமநிதியான ஈபிஎஃப் கணக்கில் ஓவர்டைம் சேராது, அந்தப் பழக்கத்தில் சொக்சோவுக்கும் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டுகிற முதலாளிகள் உண்டு, உங்கள் பேஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள்). வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் மோட்டார்சைக்கிளில் விழுந்தாலும் இதே கதைதான், அதுவும் வேலை விபத்துதான். அதிகாலை ஷிப்டுக்கு இருட்டில் தோட்டத்துச் சாலையில் வருகிற தாதிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

வேலையில் அடிபடாமல் சாதாரண நோய் என்றால் வேறு கணக்கு. 1955 வேலைச் சட்டத்தில் சர்வீஸைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18, 22 நாள் சிக் லீவு, மருத்துவமனையில் சேர வேண்டி வந்தால் 60 நாள். முன்பு இந்த 60க்குள்ளேயே சிக் லீவும் அடங்கும், 2023 ஜனவரியில் இருந்து தனித்தனி. இது இன்னும் தெரியாமல் பழைய கணக்கிலேயே கழிக்கிறார்கள்.

சரி, திட்டத்துக்கு வருவோம். எம்.சி. நீண்டுகொண்டே போனதும் அவர் பேர் ரிட்டர்ன் டு வொர்க்கில் சேர்ந்தது, சொக்சோவில் இருந்து ஒரு கேஸ் மேனேஜர் வந்தார். மலாய்க்காரப் பெண்மணி, பொறுமைசாலி. நான் எதிர்பார்த்தது என்னவென்றால், "எப்போது வேலைக்கு எடுத்துக்கொள்வீர்கள்" என்று ஒரு போன், அதோடு ஃபைல் மூடப்படும். அவர் நேரில் வந்து, நோயாளி ஏறி இறங்குவதைச் சுவரோரமாக நின்று பார்த்துவிட்டு, கேள்வி மேல் கேள்வி. இந்தக் கேன் எத்தனை கிலோ, ஒரு ஷிப்டில் எத்தனை முறை தூக்குவார்கள், குனிந்த நிலையில் ஒரு ஊசி போட எவ்வளவு நேரம், நாற்காலியை உயர்த்த முடியுமா, தனியாக யாரும் தூக்குகிறார்களா. புவான் (அம்மா), எல்லோரும் தனியாகத்தான் தூக்குகிறார்கள், ஆள் எங்கே இருக்கிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

இந்தத் திட்டத்தின் உயிரே அந்தக் கேள்விகள்தான் என்பது என் கருத்து. அதற்கு முன் என் கையில் இருந்தது ஒரு கிளினிக் கொடுத்த துண்டுச் சீட்டு, அதில் லைட் டியூட்டி என்று ஒரே வரி. லைட் டியூட்டி என்றால் என்ன? மெஷின் பக்கம் நிற்கலாமா, 5 கிலோ தூக்கலாமா, தொடர்ந்து எவ்வளவு நேரம் நிற்கலாம்? ஒன்றும் கிடையாது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஷிப்ட் போட முடியாது, நோயாளி எண்ணிக்கைக்கு ஏற்றபடி இத்தனை தாதி வேண்டும் என்று லைசென்ஸ் விதி வேறு இருக்கிறது, பாதி ஆள் என்று ஒருவரைக் கணக்குக் காட்ட வழியில்லை. எங்கள் தாதியின் வேலையை நாங்கள் துண்டு துண்டாக எழுதிக் கொடுத்த பிறகுதான் டாக்டரால் இது செய்யலாம், இது கூடாது, இது ஆறு வாரம் கழித்து என்று தெளிவாக எழுத முடிந்தது. டாக்டர் வார்டையோ சென்டரையோ பார்த்தவர் இல்லையே, அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

பிசியோ ஈப்போவில். ஊரிலிருந்து பஸ், அங்கிருந்து கிராப் டாக்சி, இடுப்பு வலியோடு. திட்டத்தில் இருப்பவருக்கு சிகிச்சைக் காசு இல்லை, ஆனால் அலைச்சலை யார் குறைப்பது? தோட்டத்து ஊர்க்காரர்களுக்கு எதுவுமே பக்கத்தில் இருக்காது, பழகிப்போன விஷயம். மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, இப்போது நமக்குக் கிட்டத்தில் ஈப்போ மேரு ராயாவிலும் பெரிய மையம் கட்டியிருக்கிறார்கள், ரோபோ வைத்து நடக்கப் பழக்கும் அளவுக்கு. பக்கவாதம், முதுகுத்தண்டு அடி என்று பெரிய கேஸ்களுக்கு அது வரம்.

திரும்பி வரும் கட்டத்தில்தான் மேனேஜர்கள் கோட்டை விடுவது. ஒரு சின்ன விதி: வேலைக்கு வந்து சம்பளம் வாங்கிய நாளுக்கு எச்.யு.எஸ். கிடையாது. பாவம் முதலில் அரை நாள் அரை நாளாக வரட்டும் என்று நல்ல மனதோடு சொல்லி, அரை நாள் சம்பளம் மட்டும் கொடுத்தால், அவருக்கு அன்றைய 80 விழுக்காடும் போச்சு, வீட்டில் படுத்திருந்ததை விடக் குறைவாகக் கையில் வரும். யார் வருவார்கள்? நாங்கள் வாரத்தில் சில நாள் மட்டும் முழுச் சம்பளத்துக்கு, மற்ற நாள் டாக்டர் எம்.சி. என்று போட்டோம். வந்த நாளில் ஊசி போடுவது, சார்ட் எழுதுவது, புதுத் தாதிக்குச் சொல்லிக் கொடுப்பது. தூக்குவது அறவே கிடையாது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் ஒன்று, நோயாளியை வழுக்கி மாற்றும் பலகை ஒன்று, இடுப்பில் கட்டிப் பிடிக்கும் பெல்ட் ஒன்று, கேன்களுக்குத் தள்ளுவண்டி. முதலாளி முதலில் முனகினார், பில்லைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். பகுதி நேரத் தாதியைக் கூப்பிட்டு மாதக்கணக்கில் கொடுத்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

எங்களுக்குத் தலைவலி கொடுத்தது நோயாளிகள். "மிஸ்ஸி வந்துட்டீங்களா, கொஞ்சம் தூக்கி விடும்மா" என்று கை நீட்டுவார்கள், பத்து வருடமாகத் தெரிந்த கிழவர்கள், அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் சொல்லவும் கூடாது, அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வீட்டு ஆட்களையும் கூப்பிட்டு நானே சொன்னேன். அப்புறம் கூட வேலை செய்கிறவர்களின் முணுமுணுப்பு. அவளுக்கு மட்டும் உட்காருகிற வேலையா என்று. நியாயமான கேள்விதான், அவர் தூக்காததை அவர்கள்தானே தூக்குகிறார்கள். பலகையும் பெல்ட்டும் வந்து, இரண்டு பேர் இல்லாமல் யாரும் தூக்கக் கூடாது என்று எல்லோருக்குமே விதி போட்ட பிறகுதான் பேச்சு அடங்கியது. அதுவரைக்கும் மதியச் சாப்பாட்டு மேசையில் சூடுதான்.

படுத்திருந்தபோது போனில் அவர் என்னிடம் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "அக்கா, நான் திரும்பி வந்தா என் எடத்துல வேற ஆள் இருக்குமா?" நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனையில் தோள்பட்டை ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு தாதியை, வார்டில் இடமில்லை, நீங்களே ராஜினாமா கொடுத்தால் நல்லது என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தார். யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லையே, அவரே போனார் என்று பேப்பரில் சுத்தமாக இருக்கும்.

நான் குறைத்த ஒரு மார்க் இதற்குத்தான். கேஸ் மேனேஜர் வரலாம், பேசலாம், யோசனை சொல்லலாம். வேலையை மாற்றிக் கொடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர் கையில் இல்லை. 2008 மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வேலை உரிமையைப் பற்றி அழகாகப் பேசுகிறது, மீறினால் தண்டனை என்று ஒரு வரி இல்லை. ஆக மனமுள்ள முதலாளியிடம் இந்தத் திட்டம் அருமையாக ஓடும், மனமில்லாதவரிடம் வேறு வேலை தேடித் தருவதில்தான் போய் முடியும். மைஃப்யூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளம் வழியாக அதையும் செய்கிறார்கள், ஆனால் சுங்கை சிப்புட்டில் கனம் தூக்க முடியாத ஒரு தாதிக்கு எத்தனை காலியிடம் இருக்கும்? இன்னொன்று, அரசாங்க மருத்துவமனையின் நிரந்தரத் தாதிகளுக்கு சொக்சோவே கிடையாது, அவர்களுக்கு அரசு ஊழியர் விதிகள். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு உண்டு. ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலைப் பார்க்கிற இரண்டு தாதிகளுக்கு இரண்டு சட்டம்.

முதலாளி ஒத்துழைக்கவில்லை என்றால் ஊழியர் கையில் இருக்கும் ஒரு சின்னக் கருவி சொல்கிறேன். 2023இல் இருந்து வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கிடைத்துவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் வாயால் நயமாகப் பேசி அனுப்புகிறவர்களுக்கு எழுத்தில் காரணம் கேட்டாலே கொஞ்சம் வியர்க்கும்.

யாருக்காவது இந்த நிலை வந்தால், எம்.சி. முடியும் வரை காத்திருக்காமல் ஆள் படுத்திருக்கும்போதே சொக்சோ அலுவலகத்தில் ரிட்டர்ன் டு வொர்க் வேண்டும் என்று கேளுங்கள், முதலாளியும் கேட்கலாம், ஊழியரும் கேட்கலாம். கடைசி ஆறு மாதப் பேஸ்லிப், எம்.சி. ஒரிஜினல்கள், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், அதோடு அந்த ஆள் காலையிலிருந்து மாலை வரை என்னென்ன தூக்குகிறார், எங்கே குனிகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று ஒரு தாளில் எழுதி, கூட வேலை செய்கிற ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும்.