கணினியில் ப்ளூ-ரே: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பிறகு

டிவிடிக்கு அடுத்த தலைமுறை வட்டான ப்ளூ-ரேயைப் படிக்கும் டிரைவ் ஒன்றை மேசைக் கணினியில் பொருத்திச் சில ஆண்டுகளாகப் படம் பார்த்து வருகிறேன். படத்தின் தரத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் குறையெல்லாம், அந்தப் படம் திரைக்கு வந்து சேர்வதற்குள் தாண்ட வேண்டியிருக்கும் பூட்டுகளைப் பற்றியதுதான். வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் டிரைவின் வேகத்தையும் கிராபிக்ஸ் கார்டின் திறனையும் பற்றியே கவலைப்படுகிறார்கள். இந்தக் காலத்தில் மிகச் சாதாரணமான கணினிக்குக்கூட 1080பி, அதாவது முழு எச்டி தர வட்டை இயக்குவது பெரிய வேலை இல்லை.

தரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால் படிக்கப்படுகிறது. ப்ளூ-ரேயில் அது 405 நானோமீட்டர் நீல-ஊதா லேசர். புள்ளிகளை நெருக்கமாகப் பதிக்க முடிவதால் ஓரடுக்கு வட்டில் 25 ஜிபியும் ஈரடுக்கு வட்டில் 50 ஜிபியும் கொள்கின்றன. காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம். இணையவழியில் வரும் அதே 1080பி படத்துக்குக் கிடைப்பது இதில் சிறு பங்குதான். வித்தியாசம் பகல் காட்சிகளில் அவ்வளவாகத் தெரியாது. இருட்டு அறையில் புகை மெல்லப் படரும் காட்சியைப் பாருங்கள்: இணையவழியில் அது கட்டம் கட்டமாக உடையும், வட்டில் புகை புகையாகவே இருக்கும், பிலிமின் மணல்துகள் போன்ற நுண்மையும் மறையாது. மானிட்டருக்கு அருகில் அமர்ந்து பார்ப்பவருக்கு இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

சிக்கல் வட்டைச் செருகியதும் தொடங்குகிறது. விண்டோஸில் ப்ளூ-ரே படங்களை இயக்கும் வசதி உள்ளமைந்து வருவதில்லை. வட்டைத் திறந்தால் பிடிஎம்வி என்ற கோப்புறையும் அதனுள் பெரிய பெரிய கோப்புகளும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எதுவும் ஓடாது. ஏஏசிஎஸ் என்ற குறியாக்கம் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. உரிமம் பெற்ற மென்பொருளிடம் திறவுகோல் உண்டு. அந்தத் திறவுகோலுக்கும் ஆயுள் உண்டு என்பதைத்தான் பலர் அறிவதில்லை: புதிதாக வெளியாகும் வட்டுகள் பழைய திறவுகோல்களைச் செல்லாததாக்கும் பட்டியலைத் தம்முடன் கொண்டுவரலாம் என்பதால், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளுக்கு ஒரு கட்டத்தில் புதுப்பிப்பு நின்றுபோனது. அடுத்த பதிப்பை வாங்கும்படி அறிவிப்பு வந்தது. பழைய வட்டுகள் ஓடின, புதிய வட்டு ஒன்று ஓட மறுத்தது. டிரைவும் வட்டும் பழுதில்லாமல் இருக்கும்போது படம் பார்க்க முடியாமல் போவது எரிச்சலூட்டும் அனுபவம்.

விஎல்சி என்ற இலவச மென்பொருள் ப்ளூ-ரே வட்டைப் படிக்கும், ஆனால் பூட்டைத் திறக்கும் துணை நிரலையும் திறவுகோல் கோப்பையும் நாமே தேடி வைக்க வேண்டும். சொந்த வட்டாக இருந்தாலும் பூட்டைத் திறப்பது சில நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதால், அவரவர் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பல வட்டுகளின் மெனு ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டிருப்பதால் அதுவும் எல்லா நேரமும் சரியாகத் தோன்றாது.

பூட்டு வட்டோடு முடிவதில்லை. கணினியிலிருந்து திரைக்குப் போகும் வழியில் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பும் இருக்கிறது. அதை ஆதரிக்காத பழைய புரொஜெக்டரை இரண்டாவது திரையாக இணைத்து அதே காட்சியை அதிலும் காட்ட முயன்றபோது, மென்பொருள் படத்தையே நிறுத்திவிட்டது. கேபிளைப் பிடுங்கிய பிறகுதான் மானிட்டரில் மீண்டும் ஓடியது.

பலர் கவனிக்காத மற்றொன்று திரையின் புதுப்பிப்பு விகிதம், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதிதாகக் காட்டுகிறது என்பது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள். மானிட்டர் பொதுவாக 60 ஹெர்ட்ஸ். 60ஐ 24ஆல் மீதியின்றி வகுக்க முடியாததால் ஒரு சட்டகம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படுகின்றன. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது கட்டடங்களின் விளிம்புகள் தயங்கித் தயங்கி நகர்வதற்கு இதுவே காரணம். டிஸ்ப்ளே அமைப்பில் 24 அல்லது 120 ஹெர்ட்ஸைத் தேர்ந்தால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. என் அனுபவத்தில், செலவில்லாமல் இவ்வளவு பலன் தந்த மாற்றம் வேறில்லை.

டிரைவின் இரைச்சல் தொடக்கத்தில் சற்று அதிகம், படம் ஓடத் தொடங்கியதும் அடங்கிவிடும். தரவு அடுக்கு வட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருப்பதால் விரல் பட்ட கறையை அலட்சியப்படுத்தக் கூடாது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தால் போதும்.

1080பியைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே ப்ளூ-ரே வேறு கதை. அதை அதிகாரபூர்வ மென்பொருளில் இயக்க, ப்ராசஸருக்குள் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி இருந்தாக வேண்டும். இன்டெல் அதைத் தன் 11ஆம் தலைமுறை கோர் ப்ராசஸர்களிலிருந்து விலக்கிவிட்டது. ஏஎம்டியில் அது இருந்ததே இல்லை. ஆகவே பழைய கணினியில் முறைப்படி ஓடிய வட்டு, அதைவிட எத்தனையோ மடங்கு வேகமான புதிய கணினியில் ஓடாது என்ற விசித்திரம் நேர்கிறது. 4கே வேண்டுவோர் தொலைக்காட்சியுடன் இணைக்கும் தனி பிளேயரை வாங்குவதே சரி. நானும் அதற்குத் தனி பிளேயரைத்தான் பயன்படுத்துகிறேன்.

1080பி வட்டுகளை மட்டும் கணினியில் பார்ப்பது தொடர்கிறது. புதிதாக டிரைவ் வாங்குபவர்கள், அதனுடன் வரும் மென்பொருளுக்குப் புதுப்பிப்புகள் எத்தனை காலம் கிடைக்கும், பலவழி ஒலியை அது வெளியிடுமா அல்லது ஸ்டீரியோவோடு நிறுத்திக்கொள்ளுமா என்ற இரண்டையும் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.