குப்பைமேடு போன இடத்தில் பூங்காவா, அடர்வனமா?

எங்கள் ஊர்ப் பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து எடுத்து முடித்ததும், காலியான நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு ஏரியா சபைக்கு வந்தது. பூங்கா, அடர்வனம், சோலார் என்று மூன்று யோசனைகள். அடர்வனத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

நான் சொல்வதெல்லாம் பயோமைனிங் செய்த நிலத்துக்கு, அதாவது கும்பகோணம் கரிக்குளத்திலும் இந்தூர் தேவகுராடியாவிலும் செய்தது போலக் குப்பையையே அகற்றிய இடத்துக்கு. மேலே மண் போட்டு மூடிய மேடு என்றால் கதை வேறு. உள்ளே மீத்தேன் வந்துகொண்டே இருக்கும், கசிவுநீரும் ஊறும். 2016 திடக்கழிவு விதிகள் அப்படி மூடிய இடத்துக்குக் குறைந்தது 15 ஆண்டு கண்காணிப்பு கேட்டன. அங்கே பெரிய மரம் வைத்தால் வேர் அந்த மூடாக்கையே கிழித்துவிடும். சோலார் அங்கேதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், வருமானமும் உண்டு. ஆனால் வேலி போட்டுப் பூட்டிவிடுவார்கள், இத்தனை வருஷம் நாற்றத்தைச் சகித்த தெருக்காரர்களுக்கு உள்ளே வேலை இல்லை.

பூங்காவின் நல்லதை விளக்க வேண்டியதில்லை. ஊஞ்சல், நடைபாதை, சாயங்காலம் உட்கார ஒரு இடம். திறப்பு விழாவுக்கும் அழகாக இருக்கும். சபையில் பாதிப் பேர் அதைத்தான் கேட்டார்கள்.

என்னைத் திருப்பியது பராமரிப்புக் கணக்கு. முதலில் மண். எவ்வளவு சலித்தாலும் கண்ணாடித் துண்டும் பிளாஸ்டிக் கிழிசலும் கொஞ்சம் தங்கிவிடும். மழை அடித்தால் மேலே வரும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் புல்தரை வேண்டுமென்றால் மேலே லாரி லாரியாக நல்ல மண் கொட்ட வேண்டும். தோண்டி நிரப்பிய நிலம் ஒரே சீராக அமுங்காது என்பதால் பேவர் பிளாக் அங்கங்கே பள்ளம் விழும், திரும்பப் பெயர்த்துப் போட வேண்டும். மரக்கூட்டத்துக்குள் இந்தத் தொல்லை குறைவு. விழுந்த சருகே தரையை மூடிவிடும்.

அப்புறம் தண்ணீர். பழைய குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருவது சகஜம். அப்படியென்றால் டேங்கர்தான். புல்தரை ஆயுள் முழுக்கத் தண்ணீர் கேட்கும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் நெருக்கி நடும் முறையில் நட்ட அடர்வனத்துக்கு இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிக் களை எடுத்தால் போதும். பூங்காவுக்குக் காவலாளி சம்பளம், விளக்குக் கட்டணம், அறுந்த ஊஞ்சல் சங்கிலி எல்லாம் இதற்கு மேல். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்ததும் இவையெல்லாம் ஊராட்சி, நகராட்சித் தலையில்தான் விழும். பக்கத்து ஊர்ப் பூங்கா ஒன்றைப் போய்ப் பார்த்தோம். நீரூற்று காய்ந்து கிடந்தது, கேட்டில் பூட்டு, சுவரோரம் மறுபடி குப்பை!

அடர்வனத்துக்கும் குறை உண்டு. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரம் கன்றுக்கு மேல் போகும். அதனால் நாங்கள் ஒரு பகுதியில் மட்டும் நெருக்கி நட்டு, மீதியில் இடைவெளி விட்டோம். பாம்பு வரும் என்று தெருவில் பயம், அது நியாயமான பயம்தான். பிள்ளைகள் கிரிக்கெட் ஆட இடமில்லை. ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் குப்பை வண்டி திரும்பி வந்துவிடும் என்பதால், ஓரமாகச் சுற்றி மண் பாதை விடச் சொன்னோம். காலை நடைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

மகளிர் குழு ஒன்று கீரைத் தோட்டம் கேட்டது. நல்ல யோசனை, ஆனால் இடம் தப்பு. ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகம் மண்ணில் இருந்தால் கீரை அதை இழுத்துக்கொள்ளும். பரிசோதனை இல்லாமல் தின்னும் பயிர் கூடாது என்று சொல்லிவிட்டோம். பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்கள் என்று நாவலைக்கூட விட்டுவிட்டு புங்கன், வேம்பு, பூவரசு என்று போனோம். உப்பையும் ஓரளவு தாங்கும்.

எங்கள் கன்றுகள் இன்னும் தண்ணீர் ஊற்றும் கட்டத்தில்தான் இருக்கின்றன. வேர் அடிமண்ணை எட்டும்போது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல இன்னும் சில வருஷம் ஆக வேண்டும். உங்கள் ஊரில் சுத்திகரித்த கழிவுநீர் பக்கத்திலேயே கிடைத்தால் பூங்காவின் கணக்கு மாறலாம். எதுவானாலும் கை தூக்கும் முன் மண், நிலத்தடி நீர் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, நாலாவது வருஷச் செலவை எந்தத் தலைப்பில் எழுதப் போகிறார்கள் என்றும் கேளுங்கள்.