கல்லடிக் கடற்காற்றில் ஐந்தரை வருடம் ஓடிய என் கேமிங் பிசி

2020 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை கட்டிய கொம்பியூட்டர் இது, இன்றைக்கும் ஓடுகிறது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கே எழுதுகிற ரிவியூக்கள் நிறையக் கிடைக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள ஒரு மட்டக்களப்பு வீட்டில் ஒரு மதர்போட் ஐந்தரை வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நான் தேடினபோது எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

கையில் இருந்தது ஒன்றரை இலட்சம். ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசசர், எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மேக்ஸ் மதர்போட், 8 ஜிபி ரேம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்ட், 500 ஜிபி எஸ்எஸ்டி. மிஞ்சின காசுக்கு ஒரு கேஸ், அதோடு சேர்ந்தே வந்த பவர் சப்ளை. அந்தக் கடைசிச் சாமானில்தான் பிழை விட்டேன், அதுக்குப் பிறகு வருகிறேன்.

"போட்ல என்ன மச்சான் இருக்கு, எல்லாம் ஒண்டுதான், காசைக் கார்ட்டுல போடு" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு விதத்தில் சரி. அதே பிராசசரை மலிவான போட்டில் போட்டாலும் கேமில் எஃப்பிஎஸ் (ஒரு செக்கனுக்குத் திரையில் வரும் படங்கள்) ஏறக்குறைய அதேதான் வரும். ஆனால் நான் போட்டில் பார்த்தது வேகத்தை இல்லை. முதலாவது, பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கிற விஆர்எம் பகுதிக்கு மேல் சூட்டை இழுக்கிற கனமான உலோகத் துண்டு, ஹீட்சிங்க், இருக்கிறதா என்று. எங்கள் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் என் அறைக்குள் 34 பாகை வரை போகும், ஏசி கிடையாது. இரண்டாவது, பிராசசர் உட்காருகிற இதே சொக்கெட்டில் நாளைக்கு வேறு பிராசசர் போட வழி இருக்கிறதா என்று. பழைய பி450 போட்கள் நிறையவற்றில் பயோஸ் (மெசினை எழுப்பிவிடுகிற, போட்டிலேயே இருக்கிற மென்பொருள்) சிப் 16 எம்பிதான், பழைய பிராசசர் புதிய பிராசசர் எல்லாவற்றின் விபரமும் அதற்குள் அடங்க இடம் காணாது. பெயரில் மேக்ஸ் என்று வருவதில் 32 எம்பி. அத்தோடு பின்பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது, பயோஸ் கெட்டுப்போனாலும் பென் டிரைவைச் செருகி, பிராசசர் இல்லாமலே திரும்ப ஏற்றலாம். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அந்தப் பொத்தானுக்காகவே கூடக் காசு கொடுக்கலாம் என்று நினைத்தேன். எஸ்எஸ்டியை நேரே போட்டில் செருகுகிற எம்.2 ஸ்லொட் ஒன்றுதான், பிறகு வாங்கிய டிஸ்க்கை சாட்டா கேபிளில்தான் போட்டேன், எனக்கு அது போதும்.

காத்தான்குடிக் கூட்டாளி ஒருவன் அதே மாதம் இன்டெல் ஐ5 9400எஃப் பிராசசர் போட்டுக் கட்டினான். அவனுடையதும் நல்ல மெசின்தான். ஆனால் அடுத்த தலைமுறைக்கு இன்டெல் சொக்கெட்டையே மாற்றிவிட்டது, அவன் பெரிதாக மேலே போக வேண்டும் என்றால் போட்டையும் மாற்ற வேண்டும். எனக்கும் ஒரு கட்டத்தில் வயிறு கலங்கத்தான் செய்தது. 2020 மே மாதம் ஏஎம்டி, அடுத்து வரப்போகிற ரைசன்கள் பி450இல் வேலை செய்யாது என்று அறிவித்தது, பாவிக்கிற ஆட்கள் சத்தம் போட, இரண்டு கிழமைக்குள் அதை மாற்றிக்கொண்டது. அந்த இரண்டு கிழமையும் வீட்டில் நான் யாரோடும் சரியாகக் கதைக்கவில்லை.

சரி, பவர் சப்ளை. 2021 கார்த்திகை மழையில் ஒரு பின்னேரம் கரண்ட் போய், வந்து, திரும்பப் போய், வந்தது. மூன்றாம் தரம் வந்த வேகத்தில் கேஸுக்குள் பட்டென்று ஒரு சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் வாசம். பவர் சப்ளை போனது மட்டும் என்றால் பரவாயில்லை, கிராபிக்ஸ் கார்ட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. போட்டும் பிராசசரும் தப்பியது அதிர்ஷ்டம். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. 3600இல் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, கார்ட் இல்லாவிட்டால் மொனிட்டரில் ஒரு எழுத்துக்கூட வராது. கொயின் மைனிங் காய்ச்சலில் கார்ட் விலை வானத்தில் நின்ற காலம் அது. மாமாவின் மகன் அலுமாரிக்குள் போட்டிருந்த ஜிடி 710 என்ற பழைய சின்னக் கார்ட் ஒன்றை இரவல் வாங்கி ஒரு வருடம் ஓட்டினேன். 2022 பங்குனியில் நாளுக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது, நல்ல கார்ட் இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கப் போகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நான் கட்டும்போது ஏறக்குறைய 180 ரூபாயாக இருந்த டொலர் அந்த வருடம் 360ஐத் தொட்டது.

2022 கடைசியில், எதீரியம் மைனிங் நின்ற பிறகு, பாவித்த கார்ட்கள் சந்தைக்கு வந்தன. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு ஆர்எக்ஸ் 6600 கார்ட் வாங்கி, உதயதேவி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தேன். அதைவிட மலிவாக 6500 எக்ஸ்டி கிடைத்தது, வேண்டாம் என்றேன். பி450 போட்டில் கார்ட் செருகுகிற பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறைதான், 6500 எக்ஸ்டிக்குத் தரவு போய் வர நான்கே லேன், 4 ஜிபி மெமரி, இரண்டும் சேர்ந்து கார்ட்டைப் படுக்க வைத்துவிடும். 6600க்கு எட்டு லேன், 8 ஜிபி, பெரிய நட்டம் தெரியாது. 132 வாட் கார்ட்தான், என்றாலும் இந்த முறை 550 வாட் புரொன்ஸ் பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் போட்டேன்.

உப்புக் காற்றைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். நான் பயந்த அளவுக்கு இல்லை. போட்டின் மேற்பரப்பில் ஒன்றும் இல்லை, கேஸின் பின்பக்க ஸ்குரூக்களின் தலைகள் மட்டும் செம்பழுப்பாகிவிட்டன, ஒன்று டிரைவர் பிடிக்காமல் வழுக்குகிறது, கார்ட்டின் இரும்புத் தகட்டு ஓரத்தில் துரு. ஒரு விஷயம் கவனித்தேன்: தினமும் ஓடுகிற மெசினுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே சூடு இருப்பதால் ஈரம் தங்காது. மூன்று கிழமை வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் வந்து போட்டால்தான் கரைச்சல். ஒருமுறை ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினேன், வந்துவிட்டது. இரண்டு ரேம் என்றால் பிராசசர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும், அதைக் கட்டாயம் பாருங்கள்.

உப்பைவிட மோசம் எர்த். வெறுங்காலோடு கேஸைத் தொட்டால் சுர் என்று ஒரு நடுக்கம் வரும், அம்மா "இஞ்ச பாருங்க, இது கையப் புடிக்குது" என்று கூட்டுவதற்கே கிட்டப் போகமாட்டா. பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் எப்போதும் கொஞ்சம் கரண்டைக் கேஸுக்குக் கசியவிடும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் கைக்கு வரும். வயரிங் ஆளைக் கூப்பிட்டு எர்த் கம்பி அடித்த பிறகு நின்றது. பாகம் வாங்க முதலே செய்திருக்க வேண்டிய வேலை, எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

2024இல் ரைசன் 5 5600 பிராசசர் போட்டேன். புதிய பயோஸை ஏற்றிவிட்டுத்தான் மாற்ற வேண்டும், பின்பக்கப் பொத்தான் இருந்தாலும் பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அதை யூபிஎஸ் சார்ஜ் நிறைய இருந்த ஒரு காலையில் செய்தேன். கூலரைக் கழற்றுவதில்தான் மாட்டிக்கொண்டேன். நாலு ஸ்குரூவையும் எடுத்துவிட்டு நேராக மேலே இழுத்தேன், காய்ந்துபோன பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து, பூட்டியிருந்த சொக்கெட்டில் இருந்து பிடுங்கி வந்தது. பிராசசரின் அடியில் உள்ள 1331 பின்னில் ஒரு மூலையில் ஆறு சாய்ந்து கிடந்தன. டியூப் லைட்டுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்குச்சியை எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் வாயை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி நிமிர்த்தினேன். ஒரு மணித்தியாலம். நீங்கள் பத்து நிமிஷம் ஏதாவது கேமை ஓடவிட்டுச் சூடாக்கி, மெசினை நிற்பாட்டி, கூலரை இடம் வலமாகத் திருகி எடுங்கள். பெட்டியோடு வருகிற கூலர் கச்சான் காலத்தில் 90 பாகைக்கு ஏற்றிவிடும், இப்போது 120 எம்எம் டவர் கூலர் ஒன்று போட்டிருக்கிறேன், 75 தாண்டுவதில்லை.

போன சித்திரையில் வெலோரன்ட் கேம் திடீரென்று திக்கித் திக்கி ஓடியது. கார்ட்டைச் சந்தேகப்பட்டேன், டிரைவரை மாற்றினேன், விண்டோஸைக் கூடத் திரும்பப் போட்டேன். கடைசியில் பார்த்தால் போட்டில் இருக்கிற சிஆர்2032 பட்டன் பற்றரி செத்துக் கிடக்கிறது, பயோஸ் செட்டிங் எல்லாம் அழிந்து 3200இல் ஓட வேண்டிய ரேம் 2133இல் ஓடுகிறது. ரைசனுக்கு ரேம் வேகம் குறைந்தால் உடனே தெரியும். பஜாரில் மணிக்கூட்டுக் கடையில் பற்றரி வாங்கினேன், ஒரு பிளேன்டியும் இரண்டு ரோல்ஸும் சாப்பிடுகிற காசு.

இன்றைக்குப் புதிதாகக் கட்டுகிற ஆளுக்கு நான் பி450 சொல்லமாட்டேன், காசு இருந்தால் ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சொக்கெட்டில் ஒரு பி650 போட், டிடிஆர்5 ரேம். அந்தப் பிராசசர்கள் பெரும்பாலானவற்றில் சிறிய கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்ட் செத்தாலும் திரை வரும், ஆனால் பெயர் எஃப் என்று முடிவதில் அது இல்லை. காசு இறுக்கம் என்றால் பாவித்த ஏஎம்4 (என் பி450இல் உள்ள சொக்கெட்) போட்டும் 5600உம் இன்னும் சில வருடத்துக்குத் தாங்கும்.

கழற்றிய 3600 அக்காவின் மகனுக்கு. அவனுக்கு அதே ஏஎம்4 சொக்கெட்டில் ஒரு ஏ520 போட் தேடிக்கொண்டிருக்கிறேன். முதலில் வீட்டில் எர்த் இருக்கா பாருங்க என்று அக்காவிடம் சொன்னேன். "அதெல்லாம் மறுகா பாப்பம் மாமா, அந்தப் போட்ல லைட் எரியுமா?" என்கிறான் அவன்.